கூப்பிடுதூரத்தில் நின்ற ஸ்ரெலா அக்கா

செய்தி வந்தபோது நான் அஜக்ஸுக்குப் போகும் ரயிலில் இருந்தேன். அழைத்தவர் மூர்த்தி அண்ணை.

"தங்கச்சி, ஸ்ரெலா அக்கா மோசம் போயிட்டா. நித்திரையிலயாம். இதயம் எண்டு சொல்லுகினம்."

எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. எரிச்சல். வரும் சனிக்கிழமை எங்களுக்குப் பயிற்சி. அதற்காக, நான் ஒத்துக்கொண்டிருந்த ஒரு கல்யாணப் பியானோ வாசிப்பை விடச்சொல்லி அக்கா ஒரு வாரமாக என்னை அரித்தார். விட்டேன். விட்ட பிறகு இப்படி. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். "இது சரியில்லை" என்று நான் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போல.

மறுநாள் இணையத்தில் மரண அறிவித்தல் வந்தது. 'கனடாவின் மூத்த கர்நாடக இசைக் கலைஞர்.' புகைப்படத்தின் பக்கத்தில் ஒரு வீணை. அவரைத் தெரிந்த உங்களுக்குத் தெரியும்: அவர் வாழ்நாளில் வீணையைத் தொட்டதில்லை. யாரைக் கூப்பிட்டுச் சண்டை பிடிப்பது என்று தெரியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். மரிஸ்ரெலா அந்தோனிப்பிள்ளை ஒப்பேரா என்ற மேலைநாட்டு இசைநாடகத்தின் பாடகி. சொப்ரானோ. பெண்குரல்களில் ஆக உயர்ந்த குரல். தயவுசெய்து அந்த வீணையை எடுத்துவிடுங்கள்.

நான் அவருடைய பியானோக்காரி. ஒப்பேராப் பாடகி வீட்டில் பயிற்சி செய்யும்போது ஒரு பெரிய வாத்தியக் குழுவின் வேலையை ஒருவர் பியானோவில் செய்யவேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கையோடு, பாடகர்களுக்குத் துணை வாசிப்பேன் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். அவர் அழைத்தார். பெயரைக் கேட்டார்.

"தமிழ்ப் பிள்ளையோ? அப்ப நேரத்துக்கு வரமாட்டீர்."

நேரத்துக்குப் போனேன். ஸ்காபரோவில் அவருடைய கட்டடத்தின் வாசலில், பனியில், அவர் வரும்வரை நின்றேன். வந்தவர் "பஸ்" என்றார். மன்னிப்பு அவ்வளவுதான்.

"பரவாயில்லை அன்ரி" என்றேன்.

திறந்த கதவை மூடப்போனார். "அன்ரி எண்டு கூப்பிட்டால் எனக்கு மேல் ஸ்தாயி போயிடும். அக்கா எண்டு சொல்லும்."

அவர் என் அம்மாவைவிட மூத்தவர்.

பகலில் பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசை. மாலையில் அரங்கம். கோரஸ் என்ற கூட்டுக்குரலில் அவர் போடாத வேடம் இல்லை. கன்னியாஸ்திரி, சந்தைக்காரி, கைதியின் மனைவி, விருந்துக்கு வந்த பெயரில்லாத சீமாட்டி. ஆள் குள்ளம். பின்னால் நின்றால் தெரியமாட்டார் என்று முன்வரிசைக்குக் கொண்டுவருவார்கள். அடுத்த ஒத்திகைக்குள் பின்வரிசைக்கு நழுவியிருப்பார். ஏன் என்று கேட்டேன். "முன்னுக்கு நிண்டால் வாத்தியக்குழு நடத்துநர் என்னைப் பாக்கிறார். அவர் எல்லாரையும் பாக்கவேணும்." இது அடக்கமா, திமிரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒருமுறை தனி வரி கிடைத்தது. வேலைக்காரி வேடம். கதவைத் திறந்து, வண்டி வந்துவிட்டது என்று இத்தாலிய மொழியில் பாடவேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் பயிற்சி செய்தோம்.

"அக்கா, வண்டிதானே வந்திருக்கு?"

"எந்த வண்டி? எத்தனை குதிரை? மழைக்குள்ள வந்ததோ? ஆர் ஏறப்போகினம்? இதொண்டும் தெரியாமல் நீர் எப்படி வாசிக்கிறீர்?"

மேடையில் அவர் அந்த வரியைப் பாடிய அதே கணத்தில் கதாநாயகன் இருமினார். வரி போய்விட்டது. நான் பார்வையாளர் பகுதியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவர் சிரித்தார். "இருமினாலும் சுருதியோடதான் இருமினவர், கவனிச்சனீரோ?"

இனி, மௌனம். நிகழ்ச்சி நாளில் அவர் பேசமாட்டார். காலை எழுந்தது முதல் ஒரு சொல் இல்லை. குரலுக்கு ஓய்வு. பல பாடகர்கள் இதைச் செய்வார்கள். ஆனால் அவர்கள் அன்றைக்குத் தொலைபேசி எடுப்பதில்லை. ஸ்ரெலா அக்கா எடுப்பார். மணி அடிக்கும், எடுப்பேன், மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு நகத்தால் ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் ஓம், இரண்டு தட்டு என்றால் இல்லை. என்ன விஷயம் என்பதை நான் கண்டுபிடிக்கவேண்டும். "சால்வையை என்ர வீட்டில விட்டிட்டியளோ?" இரண்டு தட்டு. "சுரத்தாள் காணேல்லையோ?" இரண்டு தட்டு. "நான் வரவேணுமோ?" ஒரு தட்டு. "இப்பவோ?" ஒரு தட்டு, பலமாக. என் அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "உனக்கும் விசர். அவவுக்கும் விசர்."

அழக்கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். அழுதால் குரல்நாண் வீங்கும். தன் தாயின் இறுதிச் சடங்கிலும் அவர் அழவில்லை. சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "அழுகிறது பாக்க வந்த சபையின்ர வேலை" என்றார் என்னிடம். "எங்கட வேலை மூச்சை வைச்சிருக்கிறது."

இப்போது அரங்கத்தில் அவருடைய கடைசி வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒப்பேராவில் அதற்கு 'கவர்' என்று பெயர். பிரதான பாடகிக்குக் காய்ச்சல் வந்தால் அவருக்குப் பதிலாக மேடை ஏறுகிறவர். முழு வேடத்தையும் பாடமாக்கவேண்டும். ஒவ்வொரு அசைவும் தெரிந்திருக்கவேண்டும். நிகழ்ச்சி நாளில், கடைசி அங்கம் தொடங்கும்வரை, அரங்கத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் நிற்கவேண்டும். கூப்பிட்டால் போகவேண்டும். கூப்பிடாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டும். தன் கடைசி அரங்கப் பருவங்களில் ஸ்ரெலா அக்கா கவர் ஆனார். பல வேடங்கள். அரங்கத்தின் பக்கத்துக் கோப்பிக்கடையில், பால் விடாத தேநீரோடு, ஒரு வார்த்தை பேசாமல். எதிரில் நான்.

ஒருநாளும் கூப்பிடவில்லை. பிரதான பாடகிகள் எல்லாரும் குதிரை மாதிரி ஆரோக்கியமாக இருந்தார்கள். என்னை இன்னும் கோபப்படுத்தியது, அவர் அந்தப் பெண்களுக்காகத் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினார். சுகமாக இருக்கட்டுமாம்.

இந்த வசந்தத்தில் நடந்த ஒப்பேரா அவருடைய கடைசி. பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் கவர் செய்தது நாயகி வேடம். மூன்று வருடமாக நாங்கள் அதை ஆயத்தப்படுத்தியிருந்தோம். அவரைவிட நன்றாக அதை யாரும் பாடிக் கேட்டதில்லை. கேட்டது நானும், சுவரில் இடித்த பக்கத்து வீட்டுக்காரரும். இனி ஒரு சில நிகழ்ச்சிகள்தான் மிச்சம். அதற்குள் யாராவது ஒருத்திக்குக் காய்ச்சல் வரவேண்டும். நான் மெழுகுதிரி கொளுத்தவில்லை. ஆனால் நினைத்தேன்.

அதே வசந்தத்தில் இலங்கையில், வன்னியில், கடற்கரையோரத்துக் கடைசித் துண்டு நிலத்தில், சனம் செத்துக்கொண்டிருந்தது. நாங்கள் போரை நிறுத்தச் சொல்லி யுனிவர்சிற்றி அவெனியூவில் தூதரகத்தின் முன்னால் நின்றோம். அரங்கமும் அதே தெருவில். ஸ்ரெலா அக்காவும் வந்து நின்றார். கழுத்தைச் சுற்றிச் சால்வை. கையில் பதாகை. வாய் மூடியபடி.

"எனக்கு அங்க ஒருத்தரும் மிஞ்சேல்ல" என்றார் என்னிடம், பேசக்கூடிய ஒரு நாளில். "எல்லாரும் இஞ்சயும் பாரிசிலயும். ஆனா எப்படியும் இந்தச் சுற்றுக்குள்ளதானே நிக்கவேணும். கோப்பிக்கடையில நிக்கிறதை இதில நிக்கிறன்."

ஒலிபெருக்கி மூர்த்தி அண்ணையின் கையில். இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து நேரே வருவார். பெரிய உடம்பு. அவருடைய தங்கை புவனேஸ்வரி பிள்ளைகளோடு அந்தக் கடற்கரையில். மார்ச் மாதத்துக்குப் பிறகு தொடர்பு இல்லை. முதல் நாள் அவர் ஸ்ரெலா அக்காவிடம் வந்தார்.

"அக்கா, நீங்கள் பெரிய பாட்டுக்காரி எண்டு சொல்லுகினம். ஒரு சத்தம் போடுங்கோவன்."

அக்கா சால்வையைத் தொட்டுக் காட்டினார்.

"தொண்டை நோவோ?"

"இண்டைக்கு அக்கா கதைக்கமாட்டா" என்றேன். "பின்னேரம் நிகழ்ச்சி."

"ஓ. பாடப்போறாவோ?"

"இல்லை. பாடவேண்டி வந்தால் பாடுறதுக்கு."

மூர்த்தி அண்ணை கொஞ்சம் யோசித்தார். "அப்ப இவ ஸ்பெயர் ரயர். ஓடுற சில்லுக் காத்துப் போனால்தான் வேலை."

நான் சிரித்துவிட்டேன். என் முழங்கையில் இரண்டு தட்டு விழுந்தது.

அடுத்த நாள் நிகழ்ச்சி இல்லை. அவருக்கு வாய் இருந்தது. கூட்டத்தின் முன்னால் போய் நின்றார்.

"எல்லாரும் தொண்டையால கத்துறியள். இந்தக் கிழமை முடிய ஒருத்தருக்கும் குரல் இராது. வயித்தால கத்துங்கோ." மூர்த்தி அண்ணையின் கையை எடுத்து அவருடைய வயிற்றிலேயே வைத்தார். "மூச்சை இஞ்ச இறக்குங்கோ. இவ்வளவு பெரிய வயித்தை ஆண்டவர் சும்மா தரேல்ல."

சிரித்தார்கள். பிறகு செய்தார்கள். ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. "அரை மாத்திரை பிந்தி வாறியள். எல்லாரும் பக்கத்து ஆளைப் பாத்துத் தொடங்கினால் ஆர் முதல் தொடங்கிறது?" திரும்பத் திரும்பச் சொன்னார். திரும்பத் திரும்பப் பிந்தினார்கள். உலகம் முடிந்துகொண்டிருந்த நேரத்தில் இந்த மனுசி தாளம் திருத்திக்கொண்டிருந்தார். எனக்குத் தலையிடித்தது.

இடைவேளையில் மூர்த்தி அண்ணை கேட்டார்: "உந்த நாடகத்தில கடைசியில என்ன நடக்கும்?"

"நான் சாவன்."

"கெதியாவோ?"

"எங்க? காட்சி முழுக்கப் பாடிப் பாடித்தான்."

"சாகிற ஆளுக்கு அவ்வளவு மூச்சு எங்கால?"

"மேடையில சாகத்தான் நிறைய மூச்சு வேணும்" என்றார் அக்கா.

மூர்த்தி அண்ணை தன் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் வந்திருக்கவில்லை. திரும்பப் பையில் வைத்தார்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. நீண்ட வார இறுதி. நகரத்தில் பாதிப்பேர் ஏரிக்கரை வீடுகளுக்குப் போயிருந்தார்கள். தெருவில் வாகனம் குறைவு. எல்லாம் முடிந்தது என்று காலையில் வானொலி சொல்லிவிட்டது. மாலையில் நிகழ்ச்சி. அக்கா மௌனத்தில் இருந்தார்.

மாதக்கணக்காக நாங்கள் போரை நிறுத்து என்று கத்தினோம். அன்று காலை போர் நின்றிருந்தது. என்ன கத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சனம் வந்து நின்றது. நின்றது. மூர்த்தி அண்ணை ஒலிபெருக்கியைத் தூக்கினார். காற்று மட்டும் வந்தது. அவருடைய குரல் அந்த வாரம் முழுவதும் தேய்ந்து அன்று அற்றுப்போயிருந்தது. ஒலிபெருக்கியை இறக்கினார். யாரிடமும் இல்லாமல், உதட்டால், "புவனேஸ்வரி" என்றார். பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்டது.

ஸ்ரெலா அக்கா சால்வையை அவிழ்த்து என் கையில் தந்தார்.

"புவனேஸ்வரி!"

பாடவில்லை. கூப்பிட்டார். ஒலிபெருக்கி இல்லாமல். தெருவின் அந்தப் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் ஒருவர் யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்தார். கூட்டம் அதே பெயரைத் திருப்பிச் சொன்னது. அரை மாத்திரை பிந்தி.

பின்னாலிருந்து ஒரு பெண் வந்தார். அக்காவின் காதில் ஒரு பெயர் சொன்னார். அக்கா கூப்பிட்டார். கூட்டம் சொன்னது. பிறகு ஒரு கிழவர். அவரிடம் நாலைந்து பெயர்கள். பிறகு வரிசையாக வரத் தொடங்கினார்கள்.

"அக்கா, இண்டைக்கு நிகழ்ச்சி" என்றேன். நான் தவறான சுரம் வாசிக்கும்போது பார்ப்பதுபோல் பார்த்தார்.

பெயர்கள். பெயர்கள். மதியம் நெருங்கியது. அவருடைய முகம் நனைந்திருந்தது. அழுதுகொண்டு கத்தினார், அதுவும் தொண்டையால். எல்லாருக்கும் எதைச் செய்யவேண்டாம் என்று சொன்னாரோ அதையெல்லாம் செய்தார். குரல் மேலிருந்து கிழியத் தொடங்கியதை நான் கேட்டேன். முதலில் உச்சம் போனது. நாங்கள் மூன்று வருடமாகக் கட்டிய உச்சம்.

அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். "கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்கோ. தண்ணி குடியுங்கோ. உங்களைக் கும்பிடுறன்."

அன்றைய நாளில் அவர் என்னிடம் பேசியது ஒரு வசனம்.

"ஆற்ர பேரோட நிப்பாட்டச் சொல்லுறீர்?"

வரிசையைப் பார்த்தேன். முன்னால் நின்றவள் என் வயதுப் பெண். வாயில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். அவருடைய கையை விட்டேன். அவர்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பெரும்பகுதி அந்தக் கேள்விதான்.

வரிசை முடிந்தபோது அவருக்குக் குரல் இருக்கவில்லை. கடைசிப் பெயர்களை வாயசைவாகச் சொன்னார். முன்வரிசைக்காரர்கள் பார்த்துப் படித்துச் சொன்னார்கள்.

நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தோம். அவருடைய தொலைபேசி என் பையில் அதிர்ந்தது. திரையில் மேடை மேலாளரின் பெயர். எடுத்துக் கொடுத்தேன். காதில் வைத்தார். மறுபக்கம் பேசியது எனக்கும் கேட்டது. நாயகிக்குக் கடும் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. இன்று மாலை நீங்கள்தான். பாடமுடியுமா?

ஸ்ரெலா அக்கா வாயைத் திறந்தார். மூச்சு வந்தது. மறுபடி திறந்தார். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"அவரால் முடியாது" என்றேன்.

"யார் பேசுவது?"

"பியானோ."

"எப்போதிருந்து சுகமில்லை?"

நான் தெருவைப் பார்த்தேன். "இன்று காலை முதல்."

அவர் நல்ல மனிதர். கவலைப்பட வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம் என்றார். அடுத்த முறை இல்லை என்பது மூவருக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் அரங்கம் ஒரே ஒரு தடவை அவரைக் கூப்பிட்டது. பதில் சொன்னது என் குரல்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கத்தினேன். "இதுக்குத்தானே அக்கா இவ்வளவு வருசமும் மூச்சை வைச்சிருந்தனீங்கள்!"

என் மணிக்கட்டில் ஒரு தட்டு. ஓம்.

மொன்றியலிலிருந்து ஒரு பாடகியை விமானத்தில் கொண்டுவந்தார்கள். நிகழ்ச்சி நடந்தது. நான் வீட்டுக்குப் போவோம் என்றேன். அவர் கோப்பிக்கடைக்கு நடந்தார். கடைசி அங்கம் தொடங்கும்வரை கவர் பக்கத்தில் இருக்கவேண்டும். குரலே இல்லாத கவர். சட்டம் சட்டம்தான். மூர்த்தி அண்ணையும் எங்கேயும் போக இடமில்லாமல் எங்களோடு வந்தார். மேசையில் மூன்று பேர். குரல் எனக்கு மட்டும். எல்லாருக்கும் தேநீர் நான்தான் கேட்டேன், பால் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அக்கா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் வந்ததும் எழுந்து, சால்வையைக் கட்டி, மூர்த்தி அண்ணையின் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டு, பஸ் பிடிக்கப் போனார்.

குரல்நாணில் இரத்தக்கசிவு என்றார் வைத்தியர். கோடை முழுவதும் பேசக்கூடாது. ஆகவே கோடை முழுவதும் என் தொலைபேசியில் தட்டு. "சாப்பிட்டியளோ?" ஒரு தட்டு. "நோகுதோ?" இரண்டு. "கவலையோ?" இரண்டு. "உண்மையாவோ?" அதற்குத் தட்டு வராது. வைத்துவிடுவார். மூர்த்தி அண்ணையின் தங்கையைப் பற்றி ஏதும் தெரிந்ததா என்று கேட்கத்தான் அவர் அழைக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் எடுத்தது. இல்லை என்று சொல்வேன். ஒரு தட்டு. இப்போதும் அதே பதில்தான்.

குரல் திரும்பியபோது கீழ்ப்பாதி மட்டும் திரும்பியது. மேலே ஒன்றும் இல்லை. நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே தீர்மானித்துவிட்டார்.

"சொப்ரானோ முடிஞ்சுது. இனி ஒரு படி கீழ, மெஸ்ஸோ. மெஸ்ஸோவுக்குச் சூனியக்காரியும் மாமியாரும்தான் கிடைக்கும். கலியாணம் கட்டாமலே மாமியார் ஆகிறன். சனிக்கிழமை வாரும். கீழ இருந்து தொடங்குவம்."

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் அவர் இருக்கவில்லை.

இறுதிப் பூசை ஸ்காபரோவில். தேவாலயத்தின் மின்னியக்க ஓகன் வாத்தியத்தின் முன்னால் நான் இருந்தேன். மூர்த்தி அண்ணை வந்திருந்தார். தெருவில் நின்றவர்கள் பலர் வந்திருந்தார்கள்; பெரும்பாலோர் தேவாலயத்துக்குப் புதியவர்கள். பக்கத்து ஆள் எழும்பினால் எழும்பி, இருந்தால் இருந்தார்கள். மன்றாட்டு நேரம். குருவானவர் வாசித்தார். எல்லாரும் சேர்ந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லவேண்டும். சொன்னார்கள். வயிற்றிலிருந்து. குருவானவர் திடுக்கிட்டுத் தலை நிமிர்ந்தார். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டிருக்கமாட்டார்.

ஆனால் அரை மாத்திரை பிந்தி. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்து.

எனக்கு எரிச்சல் வந்தது. நன்றாகத் தெரிந்த எரிச்சல். என்னுடையது அல்ல. நாயகியாக அவர் பாடிய ஒலிப்பதிவு ஒன்றும் இல்லை. கவர் பாடுவதை யாரும் பதிவுசெய்வதில்லை. அவருடைய சால்வை என்னிடம் இருக்கிறது. அது வெறும் சால்வை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த எரிச்சலைத்தான். அதை இனி யாரும் என்னிடமிருந்து வாங்கமுடியாது.

குருவானவர் அடுத்த மன்றாட்டை வாசித்து முடித்தார். நான் மூச்சைக் கீழே இறக்கினேன். ஒருவரையும் பார்க்காமல், முதலில் தொடங்கினேன்.